பூட்டியவன் யார்? பூட்டு வாங்கிக் கொடுத்தவன் யார்?

பெண் குழந்தை ஆறாம் வகுப்பைத் தாண்டக் கூடாது என்று சர்க்காரே உத்தரவு போட்டுத் தடுத்து நிறுத்தும் நாடு இன்றைய உலகில் ஒன்றே ஒன்றுதான். அது ஆப்கானிஸ்தான்.

2021 ஆகஸ்ட் 15ந் தேதி தாலிபான்கள் காபூல் நகரைப் பிடித்தார்கள். செப்டம்பர் 18ந் தேதி ஆண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. பெண் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், ஏற்பாடு நடக்கிறது என்று தவணை சொன்னார்கள். 2022 மார்ச் 23ந் தேதி திறப்பதாக அறிவித்தார்கள். அன்று காலை பெண்கள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். சில மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அழுதுகொண்டே திரும்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 20ந் தேதி சர்வகலாசாலைக் கதவும் சாத்தப்பட்டது. 2024 டிசம்பரில் நர்ஸ் படிப்பும் மருத்துவச்சிப் படிப்பும் போயின. ஆண் டாக்டரிடம் பெண்ணைக் காட்டத் தயங்கும் நாட்டில் மருத்துவச்சிப் படிப்பையும் நிறுத்திவிட்டால், பிரசவ வேதனையில் துடிக்கிறவள் யாரிடம் போவாள்? இதை யோசிக்கக்கூட அந்த மகானுபாவர்களுக்கு நேரமில்லை.

படிப்பு மறுக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 14 லட்சம் என்று 2024 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ கணக்குச் சொல்லிற்று. அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு 22 லட்சத்தை நெருங்கிவிட்டது.

இவ்வளவும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்த செய்திதான். வாஷிங்டனிலும் லண்டனிலும் இதைச் சொல்லி அழாத மந்திரி இல்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். ஆகவே நாம் வேறு ஒரு கேள்வியைக் கேட்கிறோம். பூட்டுப் போட்டவன் தாலிபான். சரி. அவன் கையில் அந்தப் பூட்டை வாங்கிக் கொடுத்தவன் யார்? அதற்குப் பணம் எந்த கஜானாவிலிருந்து வந்தது?

ஆற்றுக்கு அந்தக் கரை

முதலில் ஒரு பொய்யைத் தீர்த்துவிட்டு மேலே போவோம். “அது அவர்களுடைய மதம், அவர்களுடைய பழக்கம். நாம் என்ன செய்ய முடியும்?” என்று படித்த கனவான்கள் கையை விரிக்கிறார்கள். மதத்தின் பேரால் பூட்டுகிறவனுக்கும், மதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவனுக்கும் நாம் ஒரே பதிலைச் சொல்கிறோம்.

ஆப்கானிஸ்தானின் வடக்கு எல்லையில் ஆமூ தரியா என்ற ஆறு ஓடுகிறது. இந்தக் கரையில் தாஜிக், உஸ்பெக், துர்க்மேன் ஜனங்கள். அந்தக் கரையிலும் அதே தாஜிக், உஸ்பெக், துர்க்மேன் ஜனங்கள். ஒரே பாஷை, ஒரே மதம், ஒரே ரொட்டி. ஜார் அரசன் ஆண்ட காலத்தில் அந்தக் கரையிலும் எழுத்தறிந்த பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குதிரை ரோமத்தில் பின்னிய திரையை முகத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள் அவள்.

அக்டோபர் புரட்சிக்குப் பத்து வருஷம் கழித்து, 1927 மார்ச் 8ந் தேதி, மாதர் தினத்தன்று தாஷ்கண்டிலும் சமர்கண்டிலும் பெண்கள் திரண்டு வந்து அந்தத் திரையை நடுச்சந்தியில் தீ வைத்துக் கொளுத்தினார்கள். சும்மா விடுவார்களா பிரபுக்கள்? திரையை எடுத்த பெண்கள் நூற்றுக்கணக்கில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். மேடையில் முகம் மறைக்காமல் ஆடிய நூர்கான் என்ற இளம்பெண்ணை 1929ல் அவளுடைய அண்ணனே குத்திக் கொன்றான். ஆனாலும் பள்ளிக்கூடம் மூடவில்லை. நிலம் பண்ணையாரிடமிருந்து உழுகிறவனுக்கு வந்தது, பருத்தி ஆலை வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. 1959ல் சோவியத் குடிக்கணக்கு எடுத்தபோது தாஜிகிஸ்தானத்தில் 9 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள ஜனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எழுத்தறிந்தவர்கள். அந்த ஜனங்களுடைய மதம் மாறிவிடவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரன் மாறினான்.

மதத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு மதவாதிகளே பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சர்வகலாசாலை மூடப்பட்டபோது, கெய்ரோவில் ஆயிரம் வருஷப் பழமையுள்ள அல் அஸ்ஹர் மசூதியின் தலைமை இமாமே, இந்தத் தடை இஸ்லாமிய தர்மத்துக்கு விரோதம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்.

பாரதி எழுதாமல் போன வியாசம்

ஆப்கன் பெண்ணுக்குப் படிப்பு என்பது அமெரிக்காக்காரன் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்த சரக்கு என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் பொய். நூறு வருஷத்துக்கு முந்தியே அந்த மண்ணில் அது முளைத்துவிட்டது.

1919ல் மன்னர் அமானுல்லா கான் பிரிட்டிஷாரோடு சண்டையிட்டு நாட்டின் சுதந்திரத்தை நிலைநாட்டினார். அவரை முதலில் அங்கீகரித்தது லெனினுடைய ரஷ்யா. 1921ல் இரண்டு நாடுகளும் சிநேக ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டில் அவருடைய ராணி சொராயாவின் முயற்சியால் காபூலில் பெண்களுக்கென்று முதல் பள்ளிக்கூடம் திறந்தது. பெண்களுக்காக ஒரு பத்திரிகையும் அதே ஆண்டில் வந்தது. நம் பாரதி 1921 செப்டம்பரில் உயிர் பிரிந்த அந்த இரவில், அமானுல்லா கானைப் பற்றி ஒரு வியாசம் எழுதி மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சொன்னதாக உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வியாசம் எழுதப்படாமலே போயிற்று.

அமானுல்லாவும் நிலைக்கவில்லை. 1928ல் ஆப்கன் மாணவிகள் மேல்படிப்புக்குத் துருக்கிக்குப் போனார்கள். ராணி முகத்திரை இல்லாமல் ஐரோப்பாவில் எடுத்துக்கொண்ட படங்கள் எல்லைப்புறக் கிராமங்களில் கைக்குக் கை மாறின. அச்சடித்துப் பரப்பியது பிரிட்டிஷ் ஏஜெண்டுகள்தான் என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. கலகம் வெடித்தது. 1929 ஜனவரியில் மன்னர் முடி துறந்தார். அவர் இடத்தில் வந்தவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று பெண் பள்ளிகளை மூடியது. துருக்கிக்குப் போன பெண்களையும் திருப்பி அழைத்தான்.

பிறகு முப்பது வருஷம் மெள்ள மெள்ள நகர்ந்தது. 1964 அரசியல் சட்டம் பெண்ணுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1965 தேர்தலில் காபூலிலிருந்து பார்லிமெண்டுக்குப் போன டாக்டர் அனாஹிதா ராதிப்சாத், அதே ஆண்டில் ஜனநாயக மாதர் ஸ்தாபனத்தை அமைத்தார். 1968ல், பெண்கள் வெளிநாடு போய்ப் படிப்பதைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவர வேண்டும் என்று சில பிற்போக்கு உறுப்பினர்கள் கிளம்பினார்கள். நூற்றுக்கணக்கான மாணவிகள் காபூல் தெருவில் ஊர்வலம் போனார்கள். மசோதா செத்தது. அந்தப் பெண்களுக்குத் தைரியம் சொல்லிக் கொடுக்க எந்த அமெரிக்க விமானமும் அப்போது வந்திருக்கவில்லை.

பரிசப் பணமும் அடமானப் பத்திரமும்

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நம் ஊர் வரப்பில் நின்று பார்த்தாலே புரிகிற விஷயம் இது.

நம்மிடையே மாப்பிள்ளை வீட்டுக்கு வரதட்சிணை. ஆப்கன் கிராமத்தில் பெண்ணின் தகப்பனுக்குப் பரிசப் பணம். கேட்பதற்குப் பெண்ணைப் பெற்றவனுக்கு லாபம்போலத் தோன்றும். நடப்பது வேறு. ஏழைக் குடியானவன் தன் மகனுக்குப் பெண் எடுக்க வேண்டுமானால் வருஷக் கணக்கான கூலியை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். கையில் ஏது? பண்ணையாரிடமோ வட்டிக்காரனிடமோ போகிறான். இருக்கிற துண்டு நிலம் அடமானமாகப் போகிறது. விளைச்சல் வட்டிக்குப் போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. கடைசியில் அந்தக் கடனைத் தீர்க்க அவன் வீட்டில் விலைக்குப் போவது என்ன? அவனுடைய பெண் குழந்தை. மகனுக்குப் பெண் எடுக்க வாங்கிய கடனுக்கு மகளை விற்கிறான். இரண்டு குடும்பத்துக்குள் சண்டை என்றால், சமாதானத்துக்குப் பெண்ணைக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. ஆடு மாடு கொடுப்பதுபோலத்தான்.

அந்தப் பெண் எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் என்ன ஆகும்? தகப்பன் கைநாட்டு வைத்த அடமானப் பத்திரத்தை எடுத்து வாசிப்பாள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று கூட்டிச் சொல்வாள். பத்திரத்தை வாசிக்கிற மகளை எந்த வட்டிக்காரன் விரும்புவான்? பெண் படிப்பென்றால் பண்ணையாருக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

1978 ஏப்ரலில் காபூலில் ஆப்கன் மக்கள் ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. டாக்டர் அனாஹிதா மந்திரியானார். அந்த ஆட்சி சில மாதங்களுக்குள் மூன்று பிரகடனங்கள் போட்டது. ஜூலையில் 6ஆவது பிரகடனம்: ஏழைக் குடியானவர்களின் பழைய அடமானக் கடன்கள் ரத்து, மற்றவை குறைப்பு. அக்டோபரில் 7ஆவது பிரகடனம்: பரிசப் பணம் 300 ஆப்கானிக்கு மேல் வாங்கக் கூடாது, பெண்ணுக்கு 16, ஆணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் இல்லை, சம்மதமில்லாமலும் கல்யாணம் இல்லை. நவம்பர் கடைசியில் 8ஆவது பிரகடனம்: ஒரு குடும்பத்துக்கு முதல்தர நிலம் 30 ஜெரிப் வரைதான். 30 ஜெரிப் என்பது நம் கணக்கில் சுமார் 15 ஏக்கர். (நம் தமிழ்நாட்டில் 1970ல் வந்த உச்சவரம்பும் 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான். அதற்கு மேலுள்ள நிலம் யார் யார் பேரில் எப்படி எப்படி ஒளிந்துகொண்டது என்பதைத் தஞ்சாவூர்த் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.) இத்தோடு கிராமம் தோறும் எழுத்தறிவு வகுப்பு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு.

மூன்று பிரகடனமும் தனித்தனி அல்ல. நிலம், கடன், பெண் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகள். மூன்றிலும் ஒரே சமயத்தில் சம்மட்டி விழுந்தது.

அந்த ஆட்சி தவறே செய்யவில்லை என்று நாம் சாதிக்கப் போவதில்லை. வட்டிக்காரனின் கதவை அடைத்தவர்கள், விதை நெல்லுக்குக் கடன் கொடுக்க ஒரு கூட்டுறவு சொசைட்டியைத் திறக்க முந்திக்கொள்ளவில்லை. குடியானவனைச் சங்கமாகத் திரட்டி அவன் கையாலேயே செய்ய வேண்டிய காரியத்தைப் போலீஸ்காரனையும் குமாஸ்தாவையும் அனுப்பிச் செய்யப் பார்த்தார்கள். வர மறுத்த கிழவியையும் வகுப்புக்கு இழுத்தார்கள். போதாக்குறைக்குக் கட்சிக்குள்ளேயே ஒருவரை ஒருவர் சிறையில் தள்ளினார்கள்; 1979ல் ஜனாதிபதி தராக்கியைத் தன் சகா அமீனின் ஆட்களே கொன்றார்கள். இந்த ஓட்டைகள் வழியாகத்தான் எதிரி உள்ளே நுழைந்தான்.

ஆனால் நுழைந்த எதிரி எதற்காக நுழைந்தான்? கிழவியின் மனத்தாங்கலைத் தீர்க்கவா? பிரகடனங்களைக் கிழிக்கத்தான்.

தோட்டாவை எண்ணிப் படித்த கணக்கு

சோவியத் படை 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் வந்தது. அதனால்தான் அமெரிக்கா உதவிக்குப் போயிற்று என்று நம் பத்திரிகைகள் இத்தனை வருஷம் எழுதின. தேதியைப் பாருங்கள். ஆப்கன் கலகக்காரர்களுக்கு ரகசிய உதவி செய்யும் உத்தரவில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டது 1979 ஜூலை 3ந் தேதி. படை வருவதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முந்தி! அந்தப் படை போனது சரியா, தப்பா என்று விவாதிக்கிறவர்கள் விவாதிக்கட்டும். எந்த நாட்டு விமானம் போட்டாலும் குண்டு விழுந்த குடிசை குடிசைதான். ஐம்பது லட்சம் ஜனங்கள் அகதிகளாகப் போனது உண்மை. ஆனால் பெண் பள்ளிக்கு எதிரான கத்தியை அந்தப் படை தீட்டவில்லை.

பள்ளிக்கூடங்களை எரித்தவர்களுக்கும், வாத்தியார்களைச் சுட்டவர்களுக்கும் பத்து வருஷத்துக்கு மேல் டாலர் கொட்டியது. பாகிஸ்தான் ராணுவ சர்வாதிகாரி ஜியா உல் ஹக்கின் ஒற்றர் இலாகா அதைப் பங்கு பிரித்தது. அமெரிக்கா போட்ட ஒரு டாலருக்கு சவூதி மன்னர் ஒரு டாலர் போட்டார். 1983ல் ஜனாதிபதி ரீகன் அந்தத் தலைவர்களை வெள்ளை மாளிகையில் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பெண்ணுரிமை என்ற வார்த்தை அன்று அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லைபோலும்!

துப்பாக்கியோடு புத்தகமும் போயிற்று. இதைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகளே அம்பலப்படுத்திய விஷயம். அமெரிக்க சர்க்காரின் வெளிநாட்டு உதவி இலாகா, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா சர்வகலாசாலைக்கு 1984 முதல் 1994 வரை 5 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து, ஆப்கன் அகதிக் குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்க வைத்தது. அந்தப் பாலபாடத்தில் குழந்தை ஒன்று, இரண்டு எண்ணப் பழகுவது துப்பாக்கியை வைத்து, தோட்டாவை வைத்து. எழுத்துப் பழகுவது யுத்தத்தை வைத்து. நம் குழந்தை அம்மா, ஆடு, இலை என்று படிக்கிற வயதில் அந்தக் குழந்தை பீரங்கியைப் படித்தது. பின்னாளில் தாலிபான்கள் ஆட்சிக்கு வந்தபோது இதே புத்தகங்களை உபயோகித்தார்கள். அவற்றில் அவர்கள் செய்த திருத்தம், மனித முகங்களைச் சுரண்டி எடுத்தது. மற்றதெல்லாம் அவர்களுக்குத் திருப்தியாகவே இருந்தது.

இனி எதிரியின் வாக்குமூலத்தையே கேளுங்கள். 2001 நவம்பரில், காபூல் மீது குண்டு போட்டுக்கொண்டே, அமெரிக்க வெளிநாட்டு இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டது. தாலிபான்கள் பெண்களுக்குச் செய்த கொடுமையைப் பற்றிய அறிக்கை. அதில் ஒரு கணக்கு: 1990களின் தொடக்கத்தில் காபூல் நகரப் பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். சர்க்கார் ஊழியர்களிலும் சர்வகலாசாலை மாணவர்களிலும் நூற்றுக்கு 50. டாக்டர்களில் நூற்றுக்கு 40. இவர்களையெல்லாம் தாலிபான் வீட்டுக்குள் அடைத்துவிட்டான் என்று அறிக்கை கண்ணீர் வடிக்கிறது.

நல்லது. அந்த டாக்டரம்மா எந்த வருஷத்தில் மருத்துவம் படித்தாள்? அந்த டீச்சர் எந்த ஆட்சியில் வேலைக்குச் சேர்ந்தாள்? 1992 ஏப்ரல் வரை காபூலில் இருந்தது எந்த ஆட்சியோ, எந்த ஆட்சியைக் கவிழ்க்க நீங்கள் கோடி கோடியாகக் கொட்டினீர்களோ, அந்த ஆட்சியில்தானே! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தையை வாஷிங்டனிடம்தான் கற்க வேண்டும்.

1996 செப்டம்பர் 27ந் தேதி தாலிபான்கள் காபூலுக்குள் புகுந்தார்கள். மாஜி ஜனாதிபதி நஜிபுல்லாவைக் கொன்று கம்பத்தில் தொங்கவிட்டார்கள். பெண் பள்ளிகள் மூடப்பட்டன. உலகம் முழுவதும் இந்தச் செய்தி போயிற்று. அடுத்த வருஷம் டிசம்பரில் இதே தாலிபான் பிரதிநிதிகள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விருந்தாளிகள். அழைத்தது யுனோகால் என்ற எண்ணெய்க் கம்பெனி. துர்க்மேனிஸ்தானத்து எரிவாயுவை ஆப்கானிஸ்தான் வழியாகக் குழாயில் கொண்டுபோக வேண்டும், அதற்குப் பேரம். குழாய்க்கு வழி கிடைக்குமானால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தால் என்ன?

பேரம் படியவில்லை. 2001ல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. அதற்குப் பிறகுதான் ஆப்கன் பெண் அவர்கள் கண்ணில் பட்டாள். நவம்பர் 17ந் தேதி ஜனாதிபதி புஷ்ஷின் மனைவி ரேடியோவில் பேசி, இந்த யுத்தம் பெண்களின் உரிமைக்காகவும்தான் என்றார்.

இருபது வருஷம் நடந்த அந்த யுத்தத்தின் செலவு 2,30,000 கோடி டாலர் என்று அமெரிக்காவின் பிரௌன் சர்வகலாசாலை கணக்கிட்டது. இந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம்! நகரங்களில் பெண்கள் படித்தார்கள், உண்மைதான். ஆரம்பப் பள்ளியில் ஏறக்குறைய இல்லாதிருந்த பெண்களின் தொகை 2018ல் 25 லட்சமாயிற்று. படிக்க வேண்டும் என்ற அந்தப் பெண்களின் பிடிவாதத்துக்கும், சம்பளம் சரியாக வராமலே சொல்லிக் கொடுத்த டீச்சர்களுக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அதே 2018ல், பள்ளிக்கூடமே போகாத குழந்தைகள் 37 லட்சம்; அதில் நூற்றுக்கு 60 பெண்கள் என்று ஐ.நா. குழந்தைகள் நிதி ஸ்தாபனம் சொல்லிற்று. பண்ணையார்களையும் யுத்தத் தளபதிகளையும் தூக்கி மந்திரியாகவும் கவர்னராகவும் வைத்துக்கொண்டு பெண்ணை விடுதலை செய்யக் கிளம்பினால் வேறு என்ன கிடைக்கும்?

முடிவு எப்படி வந்தது? 2020 பிப்ரவரி 29ந் தேதி தோஹா நகரில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கப் படை பத்திரமாக வெளியேறுவது பற்றி அதில் இருக்கிறது. கைதிகளை விடுவது பற்றி இருக்கிறது. பெண்களைப் பற்றி? ஒரு சொல் கிடையாது. புஷ் அம்மையார் எந்தப் பெண்ணுக்காக ரேடியோவில் பேசினாரோ, அந்தப் பெண்ணின் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை.

தறிக்குப் போன கைகள்

பஞ்சாலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்ட அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?

பணமுள்ள குடும்பங்கள் துபாய்க்கும் துருக்கிக்கும் பெண்களோடு போய்விடலாம். கூலிக்காரன் எங்கே போவான்? காபூல், ஹெராத், மஜார் ஷரீப் நகரங்களில் கம்பளத் தறிக்கூடங்கள் இருக்கின்றன. சர்க்கார் ஆபீசு மூடப்பட்டது, தொண்டு ஸ்தாபன வேலை தடுக்கப்பட்டது, அழகு நிலையங்களும் 2023ல் இழுத்து மூடப்பட்டன. பெண்களுக்கு விட்டுவைத்த சொற்ப வேலைகளில் ஒன்று கம்பளம் பின்னுவது. வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்தவளும், டாக்டராக வேண்டும் என்று கனவு கண்டவளும், பத்து வயதுச் சிறுமியும் ஒரே பலகையில் வரிசையாக உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் பின்ன ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குக் கூலி சுமார் 27 டாலர் என்று 2025ல் அங்கே போய்வந்த நிருபர்கள் எழுதினார்கள். ஒரு நாளுக்கு ஒரு டாலர்கூட இல்லை! தூசி நெஞ்சில் இறங்குகிறது, விரல் வெட்டுப்படுகிறது, முதுகு கூனுகிறது. கம்பளம் வெளிநாட்டு மாளிகைக்குப் போய்விடுகிறது.

பள்ளிக்கூடம் மூடினால் கூலி மலியும். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? நம் பக்கத்து நூற்பாலை முதலாளிகள், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, படிக்கிற வயதுப் பெண்களை ஆலை விடுதிக்குள் மூன்று வருஷம் அடைத்து வேலை வாங்கியதை நாம் பார்த்தவர்கள்தானே? தாலிபான் பள்ளிக்கூடத்தைத் துப்பாக்கி காட்டி மூடுகிறான். இங்கே தாலியைக் காட்டி மூடினார்கள்.

ஆப்கன் ஏழையின் கழுத்தில் இன்னொரு கையும் இருக்கிறது. 2021ல் அமெரிக்கா தன் பாங்குகளில் இருந்த ஆப்கன் மத்திய பாங்கின் 700 கோடி டாலரை முடக்கி வைத்தது. தாலிபானைத் தண்டிப்பதற்காம்! தாலிபான் பட்டினி கிடக்கவில்லை. ரொட்டி விலை ஏறியது, கூலி நின்றது, பரிசப் பணத்துக்காகச் சின்னஞ்சிறு பெண்களைக் கட்டிக் கொடுப்பது பெருகியது. பெண்ணுக்காக அழுகிறவன் பெண்ணின் தட்டிலிருந்து ரொட்டியை எடுக்கிறான்.

டில்லி விரித்த கம்பளம்

சர்வதேச கிரிமினல் கோர்ட்டு 2025 ஜூலை 8ந் தேதி, பெண்களைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காகத் தாலிபான் தலைவர் அகுந்த்சாதாவையும் தலைமை நீதிபதியையும் பிடிக்க வாரண்டு போட்டது. அதற்கு ஐந்து நாள் முந்தித்தான் மாஸ்கோ தாலிபான் சர்க்காரை அங்கீகரித்தது. 1921ல் அமானுல்லாவோடு ஒப்பந்தம் போட்ட ரஷ்யா வேறு, இன்றைய ரஷ்யா வேறு. முதலாளி ஆட்சியின் கண்ணுக்குக் கனிவளமும் குழாய்ப் பாதையும்தான் தெரியும். அது எந்தத் தலைநகரத்தில் இருந்தாலும் சரி.

நம் டில்லி என்ன செய்தது? 2025 அக்டோபரில் தாலிபான் வெளிநாட்டு மந்திரி முத்தகிக்கு வரவேற்பு கொடுத்தது. காபூலில் மறுபடி தூதராலயம் திறப்போம் என்று அறிவித்தது. அக்டோபர் 10ந் தேதி டில்லி ஆப்கன் தூதராலயத்தில் அவர் நடத்திய பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒரு பெண் நிருபர்கூட இல்லை. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. எங்களுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று வெளிநாட்டு இலாகா கையைக் கழுவிற்று. இரண்டு நாள் கழித்துப் பெண் நிருபர்களையும் அழைத்து இன்னொரு கூட்டம் நடத்த வேண்டி வந்தது. கூச்சல் போட்டதால் வந்த பலன் அது. யாருடைய பெருந்தன்மையும் அல்ல.

பக்கத்து நாட்டோடு பேசக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பூகம்பம் வந்தால் கோதுமையும் மருந்தும் போகட்டும். ஆனால் பேசுகிறபோது எதைப் பேசினீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வியாபாரம் பேசினீர்கள், சுரங்கம் பேசினீர்கள். அந்த 22 லட்சம் பெண்களைப் பற்றிப் பகிரங்கமாக ஒரு வாக்கியம் பேசினீர்களா?

இன்னொரு பழைய கணக்கும் நிற்கிறது. நம் சர்வகலாசாலைகளில் ஆப்கன் மாணவர்கள் ஏராளமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். தொற்றுநோய்க் காலத்தில் ஊருக்குப் போனார்கள். காபூல் விழுந்த பத்தாவது நாள், 2021 ஆகஸ்ட் 25ந் தேதி, இந்திய சர்க்கார் ஆப்கானியர்களுக்குக் கொடுத்திருந்த விசாக்களை ஒரே உத்தரவில் ரத்து செய்தது. பாதிப் படிப்போடு பெண்கள் காபூலில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே பூட்டு விழுந்த அதே மாதத்தில் இங்கேயும் ஒரு பூட்டு விழுந்தது.

காபூல் பெண்கள் யாரும் வந்து மீட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டின் உள்ளறைகளில் ரகசியப் பள்ளி நடத்துகிறார்கள். 2022 ஆகஸ்ட் 13ந் தேதி சுமார் நாற்பது பெண்கள் கல்வி இலாகா கட்டடத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். தாலிபான்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். ஓடிப்போய்க் கடைக்குள் ஒதுங்கிய பெண்களைத் துரத்திச் சென்று துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். அந்த ஊர்வலத்தின் கோஷம் மூன்றே சொல்: ரொட்டி, வேலை, சுதந்திரம்.

இது நம் கோஷம். ஆகவே ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு டில்லி வெளிநாட்டு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தாலிபான் மந்திரிகளோடு எந்தப் பேச்சு நடந்தாலும் பெண் பள்ளி முதல் விஷயமாக இருக்க வேண்டும். 2021ல் விசா பறிக்கப்பட்ட மாணவிகள் எல்லோரையும் அழைத்து, விட்ட இடத்திலிருந்து படிக்க வைக்க வேண்டும். புதிதாக வர விரும்பும் ஆப்கன் பெண்களுக்கு உபகாரச் சம்பளமும் விடுதியும் கொடுக்க வேண்டும். தீர்மானத்தில் ஆண் தோழர்கள் மாத்திரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். சங்கத்தில் பெண் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள், அவர்களே முன்மொழியட்டும்.